முதுகு வலி பெல்ட் சோதனையில் சேரலாமா? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகு வலிக்கான பெல்ட், பிரேஸ் போன்ற கருவிகளை ஆட்களுக்குக் கட்டிப் பார்த்துச் சோதிக்கும் ஆய்வுகளில், தமிழ் பேசுபவர்களுக்கு விவரம் சொல்வதும் என் வேலையில் சேர்ந்தது. அல்சூர், ஈஜிபுரா, விவேக் நகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். நீங்கள் சேரப்போகும் ஆய்வின் விவரம் உங்களிடம் தரும் தாளில் இருக்கும்; அதையும் படிக்க வேண்டும்.

"பெல்ட்டுதான் எல்லா மெடிக்கல் ஷாப்லயும் தொங்குதே மேடம், அதுல சோதிச்சுப் பாக்க என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. கடையில் விற்கிற பொருள் எல்லாம் வலியைக் குறைக்கிறது என்று நிரூபிக்கப்பட்டதில்லை. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளில் சரக்கு தூக்கும் ஊழியர்கள் 9,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. பெல்ட் கட்டி வேலை செய்தவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு வலி வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. 2008-இல் காக்ரேன் அமைப்பு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலி வராமல் தடுக்க பெல்ட் உதவுவதாகத் தெரியவில்லை, வந்த வலிக்கு உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று அது சொன்னது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதலும், நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கொடுத்த வழிகாட்டுதலும் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2009-இல் பிரான்சில் நடந்த ஆய்வில், வலி வந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களுக்கு எலாஸ்டிக் பெல்ட் கொஞ்சம் கைகொடுத்தது. 2007-இல் நெதர்லாந்தில், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் பணியாளர்களிடம் நடந்த ஆய்வில் வலியுள்ள நாட்கள் குறைந்தன, ஆனால் எடுத்த லீவு குறையவில்லை. ஆக, யாருக்கு, எந்த மாதிரி வலிக்கு, எந்த மாதிரி பெல்ட் என்பதில்தான் கேள்வியே இருக்கிறது.

இப்போது வருகிற கருவிகளும், கீழ் முதுகைச் சுற்றிக் கட்டும் பழைய எல்எஸ் பெல்ட் மாதிரி இல்லை. காற்றடித்து இறுக்குவது, கயிற்றை இழுத்தால் பக்கவாட்டில் சீராக இறுகுவது, குனிந்து நிமிரும்போது தொடையோடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது என்று பல தினுசு. எல்லாவற்றையும் "பெல்ட்" என்ற ஒரே பெயரில் அடக்கிவிட முடியாது. புதிதாக ஒன்று வந்தால் அதைத் தனியாகச் சோதித்தே ஆகவேண்டும். அது உதவுமா என்பது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

"எனக்கு ஜவ்வு விலகியிருக்குன்னு எம்ஆர்ஐல வந்திருக்கு. அப்ப என்னைச் சேத்துப்பாங்கதானே?"

எம்ஆர்ஐ கவரை நீட்டிக்கொண்டுதான் பாதிப்பேர் உள்ளே வருகிறார்கள். ஆனால் படத்தை மட்டும் வைத்து யாரையும் சேர்ப்பதோ தள்ளுவதோ இல்லை. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்றில், 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. முடி நரைப்பது போல முதுகெலும்பிலும் வயது தெரியும், அவ்வளவுதான்.

ஆய்வில் கேட்பது வேறு: வலி எத்தனை நாளாக இருக்கிறது, இடுப்போடு நிற்கிறதா, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கர்ப்பமா, வயது என்ன. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்போம். ஒரு ஆய்வு நாள்பட்ட வலிக்காரர்களை மட்டும் எடுக்கும், இன்னொன்று புதிதாக வலி வந்தவர்களை மட்டும் எடுக்கும். சேர்க்கவில்லை என்றால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை.

"யார் யார் சேரவே கூடாது?"

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சிறுநீர் கட்டிக்கொள்வது, தெரியாமலே சிறுநீரோ மலமோ போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆய்வு, பெல்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.

முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் முதுகெலும்பில் டிபி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை. புற்றுநோய் வந்து போனவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள், நாள்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கவேண்டும். இவர்களுக்கு பெல்ட்டைக் கட்டி வலியை அமுக்கி வைப்பது ஆபத்து.

"எங்கள வெச்சு எலி மாதிரி பரிசோதனை பண்றாங்களா?"

இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்களிடம் வருவதற்கு முன்பே துணி, பட்டை, ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, ஆயிரக்கணக்கான தடவை ஒட்டிப் பிரித்து, தோலில் படும் பகுதி அரிப்போ ஒவ்வாமையோ தருமா என்று சோதித்திருக்க வேண்டும். அதன் பிறகு நெறிமுறைக் குழு. குறைந்தது 7 பேர் கொண்ட அந்தக் குழுவில் மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவர் ஒருவரும், உங்களையும் என்னையும் போல சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் இருக்கவேண்டும். தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்கவேண்டும். குழு சம்மதிக்காமல் ஒரு ஆளுக்குக்கூடக் கட்டிப் பார்க்கக் கூடாது.

கருவிகளுக்கென்று 2017-இல் வந்த மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன. கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என்று அவை பிரிக்கின்றன. ஆய்வை சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. "உங்க ஆய்வோட சிடிஆர்ஐ நம்பர் என்ன?" என்று தாராளமாகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பாரம் கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் இருக்கு. எனக்கு ரெண்டும் வாசிக்க வராது. கையெழுத்து போட்டுடட்டுமா?"

போடாதீர்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் தாள் தரவேண்டும் என்பது விதி. தமிழ்த் தாள் கேட்பது உங்கள் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைரேகை வாங்கவேண்டும். தாளின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய், மகனோ மருமகளோ படித்துப் பார்த்த பிறகு மறுநாள் வந்து சொல்லலாம்.

கையெழுத்து போட்டுவிட்டதால் மாட்டிக்கொண்டதாகவும் நினைக்கவேண்டாம். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். அதற்காக அந்த மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

"பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு பெல்ட் குடுத்தாங்க, எனக்கு வெறும் உடற்பயிற்சித் தாள். அவருக்கு சிபாரிசா?"

சிபாரிசு நுழைந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். யாருக்கு எது என்பதை கம்ப்யூட்டர் குலுக்கல் தீர்மானிக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியாத உறையை உங்கள் எதிரில் பிரிப்பார்கள். எனக்கே முன்கூட்டித் தெரியாது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? வலி அதிகம் என்று பாவப்பட்டவர்களுக்கு பெல்ட் போகும், மற்றவர்களுக்குத் தாள் போகும். கடைசியில் வலி குறைந்தது பெல்ட்டாலா, ஆட்கள் வேறு என்பதாலா என்று சொல்லவே முடியாது.

பெல்ட் இல்லாத கூட்டம் எதற்கு என்றும் கேட்பார்கள். முதுகு வலி ஏறும், இறங்கும். நாம் மருத்துவமனைக்கு வருவது தாங்க முடியாமல் உச்சத்தில் இருக்கும்போதுதான். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாவிட்டாலும் பலருக்குக் குறையத்தான் செய்யும். மழை வேண்டி ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்வார்கள். வறட்சி முற்றிய பிறகுதான் செய்வார்கள், எப்படியும் வரவேண்டிய மழை சில நாளில் வரும், கல்யாணத்துக்குப் பேர் போகும். பக்கத்து ஊரில் கல்யாணம் செய்யாமலே மழை பெய்ததா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். உடற்பயிற்சித் தாளோடு போன நீங்கள் அந்தப் பக்கத்து ஊர். உங்கள் பதில் இல்லாமல் பெல்ட் கட்டியவரின் பதிலுக்கு மதிப்பே இல்லை.

"டம்மி பெல்ட் குடுத்து ஏமாத்துவாங்களாமே?"

சில ஆய்வுகளில், உள்ளே தகடு இல்லாத, இறுக்கம் கம்மியான பெல்ட்டை ஒரு பிரிவுக்குக் கொடுப்பார்கள். "ஏதோ கட்டியிருக்கிறோம்" என்ற தைரியமே வலியைக் கொஞ்சம் குறைக்கும். அந்தத் தைரியம் எவ்வளவு, தகடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இது. இப்படி ஒரு பிரிவு இருக்கிறது, நீங்கள் அதில் விழலாம் என்பதை ஒப்புதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அது ஏமாற்று ஆகாது.

அளவெடுக்க வருபவருக்கு நீங்கள் எந்தப் பிரிவு என்று தெரியாமல் இருப்பது முக்கியம். அதனால்தான் அன்றைக்கு பெல்ட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள்.

"வலி எவ்வளவுன்னு 0-லேர்ந்து 10-க்குள்ள சொல்லுன்னா எப்படிச் சொல்றது?"

0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் இதற்கு மேல் ஒரு வலியை நினைத்தே பார்க்க முடியாது. கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் எப்போது கேட்டாலும் 10 என்பார். சொல்லிவிட்டு, கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்த சீட்டைக் குனிந்து எடுப்பார். "குறைச்சுச் சொன்னா அனுப்பிடுவீங்களோன்னு பயம்மா" என்றார். யாரையும் அனுப்ப மாட்டோம். ஆனால் எப்போதும் 10 என்று சொன்னால், நாளைக்கு நிஜமாகவே குறைந்தாலும் கூடினாலும் எங்களுக்குத் தெரிய வழியில்லை. போன வாரம் என்ன சொன்னோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தும் சொல்லவேண்டாம். இந்த நிமிடம், அல்லது தாளில் கேட்டபடி கடந்த ஒரு வாரம், எப்படி என்று சொன்னால் போதும்.

எண்ணை மட்டும் நம்பியும் இருப்பதில்லை. ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாளில் 10 பகுதிகள் உண்டு: உட்காருவது, நிற்பது, நடப்பது, தூக்குவது, தூங்குவது, பிரயாணம் என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். இங்கேதான் உங்கள் அன்றாடத்தை வைத்து யோசிக்கவேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடிகிறதா? சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? மெஜஸ்டிக் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடிகிறதா? வலி எண் 7-லிருந்து 6 ஆனால் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. பொதுவாக 2 எண்ணாவது, அல்லது ஆரம்பத்தில் இருந்ததில் 30 சதவீதமாவது குறைந்தால்தான் ஆளுக்கே வித்தியாசம் தெரியும் என்று கணக்கு.

"நீங்க இவ்ளோ அன்பா கவனிக்கிறீங்க, ஒண்ணும் பிரயோஜனமில்லன்னு எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

தயவுசெய்து சொல்லுங்கள். நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்தச் சங்கடத்தைத்தான். விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறைவு என்று சொல்லாத பண்பு நமக்கு. அதே பண்போடு "பரவால்ல மேடம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெளியே வராந்தாவில் மனைவியிடம் "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்பார்கள்.

உங்கள் "நல்லாத்தான் இருக்கு" என்னோடு நின்றுவிடாது. அது கணக்கில் ஏறி, உதவாத ஒரு பெல்ட் உதவுவதாகக் காட்டினால், நாளைக்கு உங்களைப் போலவே மூட்டை தூக்குகிற, தையல் மெஷினில் உட்காருகிற ஒருவர் கூலிக் காசைக் கொடுத்து அதை வாங்குவார். உதவவில்லை என்ற பதிலும் எங்களுக்கு முழுப் பதில்தான். எந்தப் பதில் வந்தாலும் எனக்குச் சம்பளம் கூடுவதோ குறைவதோ இல்லை.

"புடவை கட்டறவங்க எங்க கட்டறது? உள்ளயா, மேலயா?"

தோலில் நேராகப் படாமல், மெல்லிய பருத்தி பனியனுக்கு மேல் கட்டவேண்டும். பாவாடை நாடா முடிச்சு பெல்ட்டுக்குள் அகப்பட்டால் அது வயிற்றில் அழுத்திப் புண்ணாக்கும். முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள், அல்லது எலாஸ்டிக் பாவாடைக்கு மாறுங்கள். பெல்ட்டின் கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும். ரொம்பப் பேர் விலா எலும்பு வரை ஏற்றிக் கட்டுகிறார்கள். கட்டிய பிறகு மூச்சை நன்றாக இழுக்க முடிய வேண்டும். சாப்பிட உட்காரும்போது தளர்த்திக்கொள்ளலாம். பாத்ரூம் போகும்போது கழற்றினால் மறுபடி அதே இறுக்கத்தில் கட்ட, முதல் நாளே பட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் வியர்க்கும். அரிப்பு, தடிப்பு, கொப்புளம் வந்தால் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். குடலிறக்கம், ரத்தக் கொதிப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றை இறுக்குவது இவற்றைக் கிளறிவிடலாம்.

"உள்ள ஒரு சின்ன மெஷின் வெச்சிருக்காங்களே, அது எங்கள உளவு பாக்குதா?"

பெரும்பாலும் அது உடல் சூட்டைப் பதிவு செய்யும் சின்னக் கருவி. சூடாக இருந்தால் பெல்ட் உடம்பில் இருக்கிறது, ஆறியிருந்தால் ஆணியில் தொங்குகிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும் வளரும் பிள்ளைகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான பிரேஸ் ஆய்வில் இப்படித்தான் அளந்தார்கள். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரம் போல அணிந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு பலன் கிடைத்தது. குறைவாக அணிந்தவர்களுக்குப் பலன் குறைந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால், போடாதவர்களையும் சேர்த்து பிரேஸ் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். (அது வேறு நோய், வேறு பிரேஸ், அந்த மணிக்கணக்கை இடுப்பு வலிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.)

நீங்கள் எங்கே போனீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்பதை அந்த மாதிரிச் சூட்டுக் கருவி பதிவு செய்யாது. உங்களுக்குத் தருவதில் வேறு என்ன பதிவாகும் என்பது ஒப்புதல் தாளில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டேன், பெல்ட் எடுத்துட்டுப் போகல. டைரியில போட்ட மாதிரி எழுதிடட்டுமா?"

வேண்டாம். போடவில்லை என்றே எழுதுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். ஊருக்குப் போகும்போது மக்கள் பெல்ட்டை எடுத்துப் போவதில்லை என்பதும், கூச்சமாக இருப்பதால் கல்யாண வீட்டில் கட்டுவதில்லை என்பதும் அந்தக் கருவியைப் பற்றிய விவரம்தான். நடுவில் நிறுத்தியவர்களையும் கடைசிக் கணக்கில் அதே பிரிவில் வைத்தே பார்ப்பார்கள். அதனால், நின்றுவிட்டாலும் கடைசி விசிட்டுக்கு மட்டும் வந்து போனால் பேருதவி.

"பெல்ட் போட்டுட்டே இருந்தா தசை பலவீனமாயிடும்னு சொல்றாங்களே?"

பரவலாக உள்ள பயம். சில வாரங்கள் அணிவதால் முதுகுத் தசை பலவீனமாகிறது என்று ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் பெல்ட் கட்டியிருக்கிறோம் என்று நடையையும் பயிற்சியையும் விட்டுவிட்டால், தசை தளர்வது அந்தச் சோம்பலால் நடக்கும். கட்டிக்கொண்டால் அதிகப் பாரம் தூக்கலாம் என்ற தைரியமும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன வால்மார்ட் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

"மாத்திரை, தைலம், வைத்தியர்கிட்ட நீவி விடறது எல்லாத்தையும் நிறுத்தணுமா?"

சுகர், பிரஷர் மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. வலி மாத்திரைக்கு ஒவ்வொரு ஆய்விலும் ஒரு விதி இருக்கும். பொதுவாகச் சாப்பிடலாம், எத்தனை என்று எழுதி வைக்கவேண்டும். தைலமோ, ஒத்தடமோ, நீவிவிட்டதோ எதுவானாலும் டைரியில் ஏறவேண்டும். மறைத்தால் தைலத்தின் பலன் பெல்ட்டின் கணக்கில் போய்ச் சேரும். முதுகெலும்பை முறுக்கி நெட்டி எடுக்கிற வைத்தியம் மட்டும் ஆய்வுக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

"ஒரு நாள் வந்தா ஒரு நாள் கூலி போகுது. பணம் குடுப்பாங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் செலவு?"

போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட்டுக்கோ, ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேனுக்கோ உங்களிடம் காசு கேட்கக் கூடாது.

ஆய்வால் உங்களுக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று தாளில் பெயரும் போன் நம்பரும் இருக்கும். நெறிமுறைக் குழுவின் நம்பரும் இருக்கும். நாங்கள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அந்த இரண்டாவது நம்பருக்கு அடியுங்கள்.

"எனக்கு நல்லாவே குறைஞ்சிடுச்சு. அப்ப பெல்ட் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

உங்களுக்குக் குறைந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் கழுதைக் கல்யாணக் கதையை மறுபடி பாருங்கள். உங்கள் ஒருவரை மட்டும் வைத்து, பெல்ட் இல்லாமலே குறைந்திருக்குமா என்று சொல்ல முடியாது. இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அதுவரை உங்கள் மச்சானுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

"கம்பெனிக்காரன் காசுலதானே நடக்குது, அவனுக்குச் சாதகமாத்தானே முடிவு வரும்?"

சந்தேகம் நியாயம். அதற்குத்தான் முன்கூட்டிய பதிவு. எதை அளக்கப் போகிறோம், எத்தனை வாரம் கழித்து, எத்தனை பேரிடம் என்று ஆரம்பிப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ-யில் எழுதிவிட வேண்டும். வலி குறையவில்லை என்று தெரிந்த பிறகு "தூக்கம் நல்லா வந்துச்சு, அதான் எங்க நோக்கமே" என்று மாற்றிப் பேசினால் பழைய பதிவு காட்டிக்கொடுக்கும். பணம் யாருடையது என்பதும் அங்கே இருக்கும். முடிவு எதுவானாலும் வெளியிடுவீர்களா, எங்களுக்கும் சொல்வீர்களா என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் வெளியிடுகிற பழக்கமும் கூடும்.

"ஆய்வுல சேரலன்னா வலிக்கு என்ன பண்றது?"

படுத்தே கிடக்காதீர்கள். முடிந்தவரை நடமாடுங்கள், நடைக்குப் போங்கள், பிசியோவிடம் பயிற்சி கற்றுக்கொண்டு விடாமல் செய்யுங்கள். புதிதாக வந்த வலி பலருக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகவே தணியும். மூன்றாவது கேள்வியில் சொன்ன அறிகுறிகள் இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

"முடிஞ்சதும் பெல்ட்டை நாங்களே வெச்சுக்கலாமா?"

ஆய்வுக்கு ஆய்வு மாறும். சிலர் கொடுத்துவிடுவார்கள், சிலர் திரும்பக் கேட்பார்கள். சில ஆய்வுகளில் தாள் மட்டும் வாங்கிப் போனவர்களுக்கும் முடிவில் ஒன்று தருவார்கள். ஒப்புதல் தாளில் தேடிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சூட்டுக் கருவியை மட்டும் கட்டாயம் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெல்ட்டைத் துவைக்கப் போடுவதற்கு முன் அதைக் கழற்றி எடுத்து வையுங்கள்.